படகுக்கும் ஒரு ஆர்.சி. புக்

உள்நாட்டுக் கப்பல்கள் சட்டம் 2021-ஐ முழுசாக வாசித்தேன். 1917-ஆம் வருஷச் சட்டத்தை எடுத்துவிட்டு வந்தது. ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது: ஒரு மாநிலத்தில் வாங்கின பதிவு இனி நாடு முழுக்கச் செல்லும். இன்ஜின் படகு என்றால் முதலில் சர்வே சான்றிதழ், அப்புறம்தான் பதிவு. இன்ஜின் இல்லாத படகை உள்ளாட்சியிடம் விட்டுவிட்டார்கள். அமெரிக்காவில் பல மாநிலங்களில் பதிவு தனி, உடைமைப் பத்திரம் தனி. இங்கே அப்படி இல்லை, பைக்குக்கு ஆர்.சி. மாதிரிதான்.

ஆனால் படகு யாருடையது என்பதா நம் பிரச்சினை? 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் கவிழ்ந்து 45 பேரைக் கொண்டுபோன ஜலகன்யகா, கேரள அரசின் சுற்றுலாக் கழகப் படகு. உரிமையாளர் யார் என்பதில் சந்தேகமே இல்லை. 2023 மே 7, தானூரில் 22 பேர். மீன்பிடிப் படகை உல்லாசப் படகாக மாற்றி, அளவுக்கு மேல் ஆள் ஏற்றியிருந்தார்கள். புதுச் சட்டம் வந்த பிறகுதான் இது.

எங்கள் விருதுநகர்ப் பக்கம் ஆற்றில் மணல்தான் ஓடும். ஆனாலும் லைசென்ஸ்னா என்னன்னு சிவகாசிக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டாம். பட்டாசு ஆலையில் ஒவ்வொரு அறைக்கும் ஆள் கணக்கு, மருந்துக் கணக்கு உண்டு, சுவரிலேயே எழுதியிருக்கும். அதையும் மீறத்தான் செய்கிறார்கள், நம் ஊர் விபத்துச் செய்திகளே சாட்சி. ஆனால் மீறல் என்று உள்ளே வேலை பார்ப்பவருக்கே தெரியும்.

படகிலும் ஏறும் இடத்தில், பெரிய எழுத்தில், தமிழில் அந்த எண் வேண்டும். பிச்சாவரமோ முட்டுக்காடோ போனால் ஏறுமுன் தேடிப் பாருங்கள். இல்லாவிட்டால் டிக்கெட் கவுண்டரில் கேளுங்கள்.