உச்சத்துக்கு இடம் விட்டு

கர்நாடக சங்கீதக் கச்சேரியில் ஒலி சரியாக அமைந்திருக்கிறதா என்று அறிய ஓர் இடம் உண்டு. பாடகர் தாரஸ்தாயி பஞ்சமத்தைப் பிடித்து நிற்கும் இடம் அது. குரல் அங்கே விரிந்தால் ஒலிக்காரர் தேர்ந்தவர். ஓரம் கிழிந்து கரகரத்தால், தப்பு அந்தக் கணத்தில் நடந்ததல்ல. கச்சேரிக்கு முன்பே, மிக்ஸரில் ஒரு சின்னக் குமிழைத் திருகியபோதே நடந்து முடிந்துவிட்டது.

மிக்ஸரைப் பார்ப்பவர் கண் கீழ்வரிசையில் ஏறி இறங்கும் ஃபேடர்களில்தான் நிற்கும். வித்தை இருப்பதோ ஒவ்வொரு சேனலின் உச்சியிலும் உள்ள கெயின் குமிழில். மைக்கிலிருந்து வருவது மிகச் சிறிய மின்சாரம். 1966 முதல் மேடைகளில் இருக்கும் ஷூர் எஸ்எம்58 மைக், சாதாரணக் குரலுக்குச் சில மில்லிவோல்ட்தான் தரும். தொழில்முறைக் கருவிகள் தமக்குள் புழங்கும் அளவு 1.23 வோல்ட். நடுவே பல நூறு மடங்கு பெருக்க வேண்டும். அந்தப் பெருக்கத்தை முதல் படியிலேயே செய்வது கெயின். இங்கே குறைத்து வைத்துவிட்டுப் பின்னால் ஏற்றினால் இரைச்சலும் கூடவே ஏறும். இங்கே கூட்டி வைத்தால் ஒலியலையின் முகடுகள் சீவப்பட்டுவிடும். சீவியதை எந்த ஃபேடராலும் ஒட்ட முடியாது.

கெயினுக்கு முன் கேபிள். எக்ஸ்எல்ஆர் இணைப்பியில் மூன்று ஊசிகள். ஒன்று தரை, மற்ற இரண்டில் ஒரே ஒலி, ஒன்றில் நேராகவும் இன்னொன்றில் தலைகீழாகவும் ஓடும். வழியில் விளக்குச் சுற்றிலிருந்தோ மின்கம்பியிலிருந்தோ புகும் உறுமல் இரண்டிலும் ஒரே மாதிரிதான் ஏறும். மிக்ஸர் இரண்டின் வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொள்வதால் உறுமல் கழிந்து, பாட்டு மிஞ்சும். மேடையிலிருந்து அரங்கின் பின்வரிசைவரை மில்லிவோல்ட்களை மாசில்லாமல் கொண்டுபோக முடிவது இந்த எளிய கணக்கால்தான்.

நல்ல கைகள் இணைக்கிற ஒழுங்கைப் பார்ப்பதே சுகம். சேனலை மூடிவிட்டுத்தான் கேபிளைச் செருகுவார்கள். கண்டென்ஸர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட்டை அதன் பிறகே தருவார்கள். மிக்ஸர் முதலில் உயிர்பெறும், ஆம்ப்ளிஃபயர் கடைசியில். அணைக்கும்போது ஆம்ப்ளிஃபயர் முதலில். மின்னணுத் தம்புராவின் ஒலி ஏற்கெனவே வலுவாக வருவதால் அது லைன் வாயிலுக்குப் போகும். மைக் வாயிலில் செருகினால் சுருதியே கரகரக்கும்.

பிறகு அளவு. ஃபேடரை இறக்கிவிட்டு, பிஎஃப்எல் பொத்தானை அழுத்தி, அந்த ஒரு சேனலை மட்டும் ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே கெயினை மெல்லத் திருப்ப வேண்டும். அனலாக் மிக்ஸரில் முள்ளோ விளக்கோ பூஜ்யத்தை ஒட்டி ஆடினால், அதற்கு மேலே ஏறத்தாழ 20 டெசிபல் இடம் மிச்சமிருக்கும். 20 டெசிபல் என்றால் வோல்ட் கணக்கில் பத்து மடங்கு. டிஜிட்டல் மிக்ஸரில் பூஜ்யம்தான் கூரை. அதைத் தாண்ட வழியே இல்லை. அதனால் சராசரியை மைனஸ் 18-ஐ ஒட்டி வைப்பது வழக்கம்.

இதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. கச்சேரி மேடை அதற்கு அப்பால் கேட்கிறது.

மிருதங்கத்தை எடுத்துக்கொள்வோம். 1939-இல் வழக்குக்கு வந்த வியூ மீட்டரின் முள், ஓர் ஒலியின் அளவை எட்ட விநாடியில் 0.3 பங்கு எடுத்துக்கொள்ளும். நீட்டிப் பிடித்த குரலுக்கு அது போதும். வலந்தலையில் விழும் சாப்போ முள் கிளம்புவதற்குள் உச்சத்தைத் தொட்டு இறங்கிவிடும். முள்ளை நம்பி மிருதங்கத்தைக் குரலுக்குச் சமமாக வைத்தவர் தனி ஆவர்த்தனத்தில் மாட்டிக்கொள்வார். தெரிந்தவர் உச்சத்தில் எரியும் சிவப்பு விளக்கைப் பார்த்து, முள்ளைத் தாழ்த்தியே வைப்பார். இடப்பக்கமான தொப்பிக்குத் தனி மைக் போட்டால் இன்னொரு நுட்பம்: துருவம் மாற்றும் பொத்தானை அழுத்தியும் விட்டும், கும்கி எந்த நிலையில் திரண்டு வருகிறது என்று கேட்டே முடிவு செய்வார். குரல் சேனலில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் பாடகர் தொடையில் தட்டும் தாளத்தின் ‘தொப்’ குறையும். அதே வெட்டைத் தொப்பிக்குப் போட்டால் மிருதங்கமே பாதியாகிவிடும்.

ஒலிச்சோதனையில் பாடகர்கள் தொண்டையை மிச்சம் பிடித்துத்தான் பாடுவார்கள். கச்சேரி சூடேறும்போது குரல் வளரும். மைக்கை நெருங்கியும் வருவார்கள். தூரம் பாதியானால் ஆறு டெசிபல் கூடும், அதாவது வோல்ட் கணக்கில் இரட்டிப்பு. தேர்ந்த ஒலிக்காரர் ‘கொஞ்சம் மேலே பாடுங்களேன்’ என்று கேட்டு வாங்கி அளவு வைப்பார். அதற்கு மேலும் சற்றே குறைத்துக்கொள்வார். முதல் வர்ணம் பாடகர் குரலைப் பதப்படுத்திக்கொள்ள மட்டும் அல்ல, இவர் தம் கணக்கைச் சரிபார்க்கவும்தான். வர்ணம் முடிந்த பிறகு கெயினில் கை வைக்க மாட்டார். அதைத் தொட்டால் அரங்கில் மட்டுமல்ல, கலைஞர்களின் மானிட்டரிலும் அளவு மாறும். சுகமாகக் கேட்டுக்கொண்டிருந்த தம் குரல் திடீரென்று தேய்ந்தால் எந்தப் பாடகருக்கும் கற்பனை அறுந்துபோகும். அரங்குக்கு வேண்டிய ஏற்ற இறக்கமெல்லாம் இனி ஃபேடரில். கெயின் சரியாக இருந்தால் ஃபேடர்கள் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். அங்கேதான் ஃபேடரின் நகர்வு நுணுக்கமானது, விரல் அசைந்தால் அரை டெசிபல் மட்டும் மாறும்.

ஆகவே இந்தக் கலையின் சாரம், இன்னும் பாடப்படாததற்கு இடம் ஒதுக்குவது. மந்தர ஸ்தாயியில் முனகும் ஆலாபனையும் தெளிவாகக் கேட்க வேண்டும். பின்னால் வரும் உச்சமும் நசுங்கக் கூடாது. இந்தப் பாடகர் எந்த ராகத்தை எவ்வளவு மேலே கொண்டுபோவார், அந்த மிருதங்க வித்வான் மோராவில் எவ்வளவு ஓங்குவார் என்ற அறிவு எந்த மீட்டரிலும் இல்லை. அது கேட்டுக் கேட்டு வருவது. ஒலிக்காரரை அமர்த்தும் சபாக்கள் அவரிடம் என்ன மிக்ஸர், என்ன மைக் இருக்கிறது என்று விசாரிக்கின்றன. எத்தனை கச்சேரிகளைக் கடைசிவரை உட்கார்ந்து கேட்டிருக்கிறார் என்று முதலில் விசாரிக்கலாம்.