எழுதிய கை, சொன்ன வாய்

மார்மன் சமயத்தைத் தோற்றுவித்த ஜோசப் ஸ்மித் பேனாவைத் தொட்டது குறைவு. அவர் சொல்வார், பக்கத்தில் இருப்பவர் எழுதுவார். வேதநூல், வெளிப்பாடுகள், கடிதங்கள், நாட்குறிப்பு என்று எல்லாமே இப்படித்தான். சில கடிதங்களில் அவர் கையொப்பத்தையே எழுத்தர்கள் போட்டிருக்கிறார்கள். அதனால் அந்தச் சமயத்தின் தொடக்கக் கால ஆவணம் எதைக் கையிலெடுத்தாலும் ஆய்வாளர் முதலில் கேட்பது, இதை எழுதியது யார் கை என்பதைத்தான். அரை நூற்றாண்டுக்கு மேலாக அந்தக் கேள்வியைச் சுற்றி ஒரு தனித்துறையே வளர்ந்திருக்கிறது. அதன் வெற்றிகளைவிடத் தோல்விகளே சுவையானவை.

1829 ஏப்ரலில் ஆலிவர் கௌடரி என்ற இளம் பள்ளி ஆசிரியர் எழுத்தராக வந்து சேர்ந்தார். அந்தச் சமயத்தின் வேதநூலான மார்மன் நூலின் மூலப்படியில் இன்று மிஞ்சியிருப்பதில் பெரும்பகுதி அவர் கையெழுத்துதான். மிஞ்சியதே கொஞ்சம். 1841இல் இலினாய் மாநிலத்து நாவூ நகரில் கட்டிய ஒரு விடுதியின் மூலைக்கல்லுக்குள் அந்தப் படியை வைத்துவிட்டார்கள். 1882இல் திறந்து பார்த்தபோது ஈரத்தில் ஊறிச் சிதைந்திருந்தது. ஏறத்தாழ 28 விழுக்காடு பிழைத்தது. அச்சகத்துக்குக் கொடுப்பதற்காகக் கௌடரி முதலியோர் எடுத்த நகல் மட்டும் ஏறக்குறைய முழுமையாக வந்து சேர்ந்திருக்கிறது.

இந்தத் துறையை ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர் டீன் ஜெஸ்ஸி. 1964இல் சால்ட் லேக் சிட்டியில் மார்மன் திருச்சபையின் வரலாற்று அலுவலகத்தில் சேர்ந்தவர், எழுத்தர்களின் கைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பெயரிட்டார். 1832இல் எழுதப்பட்ட சிறு வாழ்க்கைக் குறிப்பு ஒன்றை முதலில் எழுத்தர் ஃபிரெடரிக் வில்லியம்ஸின் எழுத்தாகவே எண்ணியிருந்தார். மறுபடி கூர்ந்து பார்த்ததில், நடுவே பேனா கைமாறியிருப்பது தெரிந்தது. ஸ்மித் தம் முதல் தரிசனத்தைச் சொல்லும் பகுதி அவருடைய சொந்தக் கையெழுத்து. அந்தத் தரிசனத்துக்கு நான்கைந்து விவரணைகள் உண்டு. அவற்றில் அவரே எழுதியது இது ஒன்றுதான். கை மாறியதைக் கண்டதும் ஆவணத்தின் எடையே மாறிவிட்டது.

காலம் கணிக்கவும் கை உதவும். 1838க்குப் பிறகு தொகுத்த பெரிய வரலாற்றின் முதல் 59 பக்கங்கள் ஜேம்ஸ் முல்ஹாலண்ட் என்பவர் எழுதியவை. அவர் 1839 நவம்பரில் இறந்தார். ஆகவே அந்தப் பக்கங்கள் அதற்கு முந்தியவை, சந்தேகமே இல்லை. அடுத்து ராபர்ட் தாம்ப்சன். அவரும் 1841இல் போய்விட்டார். இப்படி எழுத்தர்களின் சாவே நூலுக்குத் தேதி குறிக்கிறது. 1844 ஜூனில் ஸ்மித் கொல்லப்பட்டபோது, வரலாறு 1838 ஆகஸ்ட் வரைதான் எட்டியிருந்தது. மீதியைப் பிறருடைய நாட்குறிப்புகளிலிருந்து எடுத்து, ‘நான்’ என்று தன்மையில் மாற்றி, எழுத்தர்கள் 1856 வரை எழுதிக்கொண்டிருந்தார்கள். இறந்தவர் பேசுவதுபோல் வாசித்த பலருக்குக் கையெழுத்து ஆய்வு கசப்பு மருந்தாகத்தான் இருந்திருக்கும்.

1977இல் கலிஃபோர்னியாவிலிருந்து மூவர் வேறொரு கணக்கைக் கொண்டுவந்தார்கள். சாலமன் ஸ்பால்டிங் என்பவர் எழுதிய கதையைத் திருடித்தான் மார்மன் நூல் பிறந்தது என்ற குற்றச்சாட்டு 1834 முதலே உண்டு. மூலப்படியில் இன்னாரென்று தெரியாத கை எழுதிய 12 பக்கங்கள் ஸ்பால்டிங்குடையவை என்றார்கள் இவர்கள். துணைக்கு மூன்று கையெழுத்து வல்லுநர்கள். நிழற்படிகளைப் பார்த்து மூவரும் ஆமென்றார்கள். அசலைப் பார்க்கும் கட்டம் வந்ததும் ஒருவர் விலகிக்கொண்டார், ஒருவர் உறுதியாக நின்றார், ஒருவர் இல்லையென்று மாற்றிச் சொன்னார். ஜெஸ்ஸியின் பதில் எளிமையானது. அதே அடையாளம் தெரியாத கை, 1831 ஜூன் தேதியிட்ட வெளிப்பாடு ஒன்றின் படியிலும் இருக்கிறது என்று காட்டினார். ஸ்பால்டிங் இறந்தது 1816இல். தவிர, அந்த 12 பக்கங்களுக்கு முன்னும் பின்னும் கௌடரியின் எழுத்து ஓடுகிறது. எழுத்தின் சுழிவுகளை மட்டும் பார்த்தவர்கள் தடுமாறிய இடத்தில், தாள் எங்கிருந்து வந்தது, பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டவர் தப்பித்தார்.

அந்தப் பாடம் ஒட்டவில்லை. 1980இல் மார்க் ஹாஃப்மன் என்ற இளைஞர், பழைய பைபிள் ஒன்றுக்குள் மடித்து ஒட்டியிருந்ததாக ஒரு தாளைக் கொண்டுவந்தார். அதில் இருந்தது ஸ்மித்தின் கையெழுத்தே என்று ஜெஸ்ஸி ஏற்றார். அடுத்தடுத்துப் பல தாள்கள் வந்தன. உச்சம், ஸ்மித்தின் தொடக்கக் கால ஆதரவாளர் மார்ட்டின் ஹாரிஸ் 1830 அக்டோபர் 23 தேதியிட்டு எழுதியதாகச் சொல்லப்பட்ட கடிதம். ஸ்மித் சொன்ன கதையில் தேவதூதர் வரும் இடத்தில் வெள்ளைச் சாலமாண்டர் (பல்லி போன்ற உயிரி) ஒன்று தோன்றும் கடிதம் அது. ஹாரிஸை ஹாஃப்மன் தேர்ந்தெடுத்ததில் சாமர்த்தியம் இருக்கிறது. ஹாரிஸின் கையெழுத்து மாதிரி என்று கையில் இருந்தவை பெரும்பாலும் வெறும் கையொப்பங்கள். மாதிரி இல்லாவிட்டால் ஒப்பிடுவது எப்படி? ஹாரிஸ் குடும்பத்தாருடையதாக இருந்த பழைய ஜெபப் புத்தகம் ஒன்றை வாங்கி, அதன் கடைசித் தாள்களில் ஹாரிஸ் எழுதியதுபோல் ஒரு கவிதையை ஹாஃப்மனே எழுதி வைத்தார். கடிதத்தைச் சோதித்தவர்களுக்கு அந்தக் கவிதை சாட்சியானது. பொய்க்குப் பொய்யே சாட்சி.

குட்டு வெளிப்பட்டுவிடும் என்ற நெருக்கடியில் 1985 அக்டோபரில் ஹாஃப்மன் வைத்த குண்டுகளில் இருவர் இறந்தனர். மறுநாள் இன்னொரு குண்டு அவர் காரிலேயே வெடித்தது. அதற்குப் பிறகுதான் ஆவணத் தடய ஆய்வாளர்களான ஜார்ஜ் த்ராக்மார்ட்டனும் வில்லியம் ஃபிளினும் தாள்களை நுண்நோக்கியில் வைத்தார்கள். ஹாஃப்மன் வழியாக வந்த தாள்களில் மையின் மேற்பரப்பு முதலைத்தோல் போல வெடித்துக் கிடந்தது. அதே காலத்து மற்றத் தாள்களில் அப்படி இல்லை. மாசிக்காயும் இரும்பு உப்பும் சேர்த்துக் காய்ச்சிய பழைய வகை மைதான். அதில் பிசின் கலந்து, பழசாகக் காட்ட ரசாயனம் பூசியபோது வெடிப்பு விழுந்திருக்கிறது. அவர்களே மை தயாரித்து, செயற்கையாக முதுமையேற்றிப் பார்த்து அதை உறுதிசெய்தார்கள். கடைசியில் அவரைக் காட்டிக்கொடுத்தது எழுத்தின் வடிவம் அல்ல, மை. 1987 ஜனவரியில் ஹாஃப்மன் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

என் கணிப்பில் இதன் பெரிய சேதம் வேறிடத்தில் நடந்தது. ஸ்மித்தின் எழுத்துகளை ஜெஸ்ஸி திரட்டி 1984இல் வெளியிட்ட நூலில் ஹாஃப்மனின் போலிகளும் புகுந்துவிட்டன. அடுத்து ஏதேனும் ஒரு தாளை ‘ஸ்மித்தின் கையா’ என்று பார்ப்பவர் ஒப்பிடப் போவது அந்தத் தொகுப்போடுதான். மாதிரிகளின் களஞ்சியமே கலப்படமாகிவிட்டது. 2002இல் வந்த திருத்திய பதிப்பில் அந்தப் போலிகள் களையப்பட்டன.

2008 முதல் 2023 வரை 27 தொகுதிகளாக வெளிவந்த ஜோசப் ஸ்மித் ஆவணத் திட்டம் இந்தச் சூடுபட்ட அனுபவத்தின் பிள்ளை. ஒரு தாள் யார் கையிலிருந்து யாருக்குப் போனது என்ற வழியை, எழுத்தைப் பார்க்கும் அதே கவனத்தோடு அது பதிவுசெய்கிறது. 2009இல் வந்த வெளிப்பாட்டு நூல்களின் படப்பதிப்பில், யார் எங்கே அடித்துத் திருத்தினார் என்பது கைக்கு ஒரு நிறமாகத் தெரியும். ஸ்மித்தும் அவருடைய கூட்டாளிகளான ரிக்டன், கௌடரி, ஃபெல்ப்ஸ் ஆகியோரும் ஒரே வரியில் மோதிக்கொள்வதைக் காணலாம். சொன்ன வாய் ஒன்று என்று நம்பியவர்கள் நின்று பார்க்க வேண்டிய பக்கங்கள் அவை.

மார்மன் நூலை அச்சகத்துக்குக் கொடுக்க எடுத்த நகலை அந்தத் திருச்சபை 2017இல் 3.5 கோடி டாலருக்கு வாங்கியது. அதில் பெரும்பகுதி கௌடரி எழுதியது. சில பக்கங்கள் ஸ்மித்தின் அண்ணன் ஹைரம் எழுதியவை. ராயல் ஸ்கௌசனும் ராபின் ஜென்சனும் 2015இல் அதைப் பதிப்பித்தபோது, மூன்றாவது கைக்கு யார் பெயரையும் சூட்டாமல் ‘அடையாளம் தெரியாத எழுத்தர்’ என்றே அச்சிட்டார்கள்.