பழைய குழலுக்கு மென்மையான ரவை

பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றைக் கையில் கொடுத்தால், விஷயம் தெரிந்தவர் அதைத் தோளில் வைத்துக் குறிபார்க்க மாட்டார். முதலில் மடக்கிப் பார்ப்பார். மலேசியாவில் மலாய்க்காரர்கள் 'செனாப்பாங் பாத்தா' என்று சொல்லும் இந்த வகையின் அழகெல்லாம் அந்த மடக்கில்தான் இருக்கிறது. மூடும்போது ஒரே ஓர் ஓசைதான் கேட்க வேண்டும். குழலும் உடலும் சேரும் இடத்தில் விளக்கொளி கசியக் கூடாது. நூறு வருஷம் கழித்தும் அப்படி மூடுகிற துப்பாக்கிகள் உண்டு. 1875இல் பர்மிங்காமின் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் பட்டறையைச் சேர்ந்த ஆன்சன், டீலி என்ற இருவர் சுத்தியலை உடலுக்குள்ளேயே ஒளித்து வைக்கும் எளிய பொறி ஒன்றை அமைத்தார்கள். பின்னால் உலகமெங்கும் போன வேட்டைத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை அந்த வழியில் வந்தவைதான். மலாயாத் தோட்டத் துரைமாரின் பங்களாக்களில் சுவரை அலங்கரித்தவையும் அந்தக் குடும்பமே.

அதைவிடப் பழைய குழல்களில் இன்னொரு வேலைப்பாடு இருக்கிறது. இரும்புக் கம்பியையும் எஃகுக் கம்பியையும் சேர்த்து முறுக்கி, பட்டையாக அடித்து, ஓர் உருளையைச் சுற்றிச் சுருளாக வளைத்து, சூட்டிலேயே தட்டி ஒட்டவைத்துச் செய்த டமாஸ்கஸ் குழல் அது. அமிலத்தில் நனைத்தெடுத்ததும் இரும்பும் எஃகும் வெவ்வேறு நிறமாகப் பிரிந்து, குழல் முழுக்க நெளிநெளியாகக் கோலம் எழும். டமாஸ்கஸ் என்ற பெயரைக் கேட்டதும் தமிழகத்தின் பழைய கொடுமணல் உருக்கு நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் அது மூசையில் உருக்கி வார்த்த எஃகு. இது தனித்தனிப் பட்டைகளைச் சேர்த்து ஒட்டிய வேலை. அழகு அந்த ஒட்டுகளில் இருக்கிறது, பலவீனமும் அங்கேயேதான். உள்ளே எங்கேனும் துரு இறங்கியிருந்தால் வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது.

இப்படிப்பட்ட குழலுக்குள் எதைப் போடுவது? இந்தக் கலையில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. அதற்குப் பதில் சொல்ல உலோகமும் தெரிய வேண்டும், துப்பாக்கியும் தெரிய வேண்டும்.

வழக்கமான ரவை உலோகமான காரீயத்தின் பெருமையை மறைக்க வேண்டியதில்லை. கனம் அதிகம், தண்ணீரைவிட 11.3 மடங்கு. அதனால் தூரம் போனாலும் வேகம் அவ்வளவாகக் குறையாது. மென்மையானது, குழலைக் கீறாது. குழலின் வாய் குறுகும் இடத்தில் தானும் கொஞ்சம் நசுங்கி வழிவிட்டுப் போகும். பிரிஸ்டலைச் சேர்ந்த வில்லியம் வாட்ஸ் 1782இல் காப்புரிமை பெற்ற முறைப்படி, உருகிய காரீயத்தை உயரத்திலிருந்து சல்லடை வழியே தண்ணீரில் விழவிட்டால் ரவை தானாக உருண்டையாகிவிடும். பழைய குழல்கள் எல்லாமே இந்த உலோகத்தை மனத்தில் வைத்துத்தான் துளைக்கப்பட்டன.

அதன் நஞ்சையும் அதே நேர்மையோடு சொல்ல வேண்டும். சுடும் ரவையில் பெரும்பகுதி இலக்கில் படுவதில்லை. சேற்றில் விழுந்து கிடக்கும். இரையை அரைப்பதற்காகச் சிறு கல்லை விழுங்கும் வாத்து அதையும் கல் என்று எண்ணி விழுங்கும். வயிற்றின் அரைவைப்பையில் அது தேய்ந்து இரத்தத்தில் கலக்கும். பறவை உடனே சாவதில்லை. சிறகு தொங்கி, இரை செரிக்காமல், நாள் கணக்கில் மெலிந்து சாகும். வேட்டைக்காரர் விட்டுப்போன குடலைத் தின்னும் செம்பருந்துக்கும் உடும்புக்கும் அதே கதி வரலாம். நீர்ப்பறவை வேட்டைக்குக் காரீய ரவை கூடாது என்று அமெரிக்கா 1991இலேயே நாடு முழுக்கத் தடை போட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சதுப்பு நிலங்களில் 2023 பிப்ரவரி முதல் தடை நடப்பில் இருக்கிறது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இருக்கும் நமக்கு இது வேறு தேசத்துக் கதை அல்ல. காப்பார் மின்நிலையத்தின் சாம்பல் குட்டைகளில் கடல் ஏறும் நேரத்தில் வடதுருவப் பக்கமிருந்து வந்த உள்ளான்கள் கூட்டம் கூட்டமாக இறங்குகின்றன. டெங்கிலுக்குப் பக்கத்தில் பாயா இண்டாவில், பழைய வெள்ளீயச் சுரங்கக் குட்டைகளில் நீலத் தாழைக்கோழிகள் நடமாடுகின்றன. செம்பனைத் தோட்டத்து வடிகால் ஒவ்வொன்றும் இப்படி ஏதோ ஒரு நீர்நிலையில்தான் போய்ச் சேர்கிறது. பன்றியைத் துரத்திச் சுட்ட ரவை அந்த வடிகால் சேற்றில்தான் கிடக்கும்.

காரீயத்துக்கு மாற்று என்றதும் கடைக்காரர் முதலில் எடுத்து வைப்பது எஃகு ரவை. விலை குறைவு, நஞ்சில்லை. கனம் 7.8 மட்டுமே என்பதால் இரண்டு அளவு பெரிய ரவையாக எடுக்க வேண்டும். புதிய துப்பாக்கிக்கு அது தாராளமாகப் போதும். பழையதற்குத்தான் பயம். எஃகு நசுங்காது. பன்னிரண்டு போர் குழலின் வாயில் முழு இறுக்கம் என்பது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். அந்த இடத்தில் நசுங்காத ரவை முட்டி நெருக்கினால் குழலின் வாயில் வளையம் போலப் புடைப்பு விழும். இரு குழல்களையும் இணைக்கும் பட்டை பற்றவைப்பு விட்டுப் பெயரும். ரவையைச் சுற்றித் தடித்த பிளாஸ்டிக் கிண்ணம் இல்லையென்றால் உட்சுவரிலும் கோடு விழும். டமாஸ்கஸ் குழலில் எஃகு ரவை கூடவே கூடாது.

என் தேர்வு பிஸ்மத். காரீயத்துக்கு அட்டவணையில் பக்கத்து வீட்டுத் தனிமம் அது. ஆனாலும் வயிற்றுவலி மருந்தில் சேர்க்கும் அளவுக்குச் சாது. 271 பாகை வெப்பத்தில் உருகும். தனியாக வார்த்தால் படிகம் படிகமாக உடையும் குணம் உண்டு. பல்லில் கடித்தாலோ எலும்பில் பட்டாலோ நொறுங்கும். அதைக் கட்டுப்படுத்த அதில் சில சதவீதம் வெள்ளீயம் சேர்க்கிறார்கள். கலவையின் கனம் 9.6 சொச்சம். காரீயத்தைவிட ஓர் அளவு பெரிய ரவை எடுத்தால் குறை தெரியாது. மென்மையானது, வாய் இறுக்கத்தில் வழிவிடும், பழைய தக்கையோடும் ஒத்துப்போகும்.

அந்த வெள்ளீயத்தில் எனக்கொரு தனி மகிழ்ச்சி. 1857இல் கிள்ளான் ஆற்றில் 87 சுரங்கத் தொழிலாளர்கள் படகேறி வந்தது அதைத் தேடித்தான். கோலாலம்பூர் பிறந்ததே அதனால். ராயல் சிலாங்கூர் பட்டறை 1885 முதல் அதில்தான் கிண்ணமும் குவளையும் அடிக்கிறது. பூலாவ் இண்டாவில் இன்றும் அதை உருக்குகிறார்கள். பழைய துப்பாக்கியைக் காப்பாற்றும் கலவையிலும் அதற்குப் பங்கு இருப்பது இந்த ஊருக்குப் பொருத்தம்.

டங்ஸ்டன் பொடியை மென்மையான பிளாஸ்டிக்கில் பிசைந்து செய்த ரவையும் பழைய குழலுக்கு நல்லது. கனத்தில் காரீயத்தை நெருங்கும், விலைதான் கைக்கு எட்டாது. டங்ஸ்டனோடு இரும்பும் நிக்கலும் சேர்த்த கடின ரவைகள் வேறு சாதி. அவை எஃகைவிடக் கொடியவை, பழைய குழல் பக்கமே கொண்டு போகக் கூடாது.

ரவை எவ்வளவு மென்மையாக இருந்தாலும் மற்றதைச் சரிபார்க்காமல் சுடக் கூடாது. குழலின் அடியில் சோதனை முத்திரை இருக்கும். புகையில்லா மருந்துக்குச் சோதிக்கப்பட்டதா, கரிமருந்துக்கு மட்டுமா என்று அது சொல்லும். கரிமருந்துக்கு மட்டும் என்றால் கடையில் விற்கும் தோட்டாவுக்கு அந்தத் துப்பாக்கி இல்லை. லில்லிப் பூ முத்திரை இருந்தால்தான் உயர் அழுத்த எஃகுத் தோட்டாவுக்கு அனுமதி. பிறகு தோட்டா அறையின் நீளம். பழைய ஆங்கிலத் துப்பாக்கிகள் பலவற்றில் அது இரண்டரை அங்குலம், வழக்கில் 65 மில்லிமீட்டர் என்பார்கள். 70 மில்லிமீட்டர் தோட்டா அதில் நன்றாகவே உட்காரும், சிக்கலும் அதுதான். சுட்டதும் அதன் வாய் விரிந்து குழலுக்குள் நீண்டு வழியை அடைத்து அழுத்தத்தை ஏற்றிவிடும். கடைசியாக, குழல்களைக் கழற்றிக் கொக்கியில் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். நீண்டு ஒலித்தால் பற்றவைப்பு நலம். சட்டென்று செத்த ஓசை வந்தால் பட்டை விட்டிருக்கிறது.

காட்டுப்பன்றிக்கு வேண்டிய பெரிய ரவை பிஸ்மத்தில் அரிது. அந்த வேலையைப் புதிய துப்பாக்கிக்கு விட்டுவிடலாம். பாட்டன் காலத்துக் குழலைப் போட்டு வதைக்க வேண்டாம். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசன்ஸ் இல்லாமல் ஒரு தோட்டாகூட வீட்டில் இருக்கக் கூடாது என்பதால், பரிசோதனைக்கு என்று அங்கும் இங்கும் வாங்கி வைப்பதும் ஆகாது. பழைய துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அடுத்த லைசன்ஸ் புதுப்பிப்புக்கு முன், குழல் சுவரின் தடிமனையும் அறையின் நீளத்தையும் தெரிந்தவரிடம் அளந்து எழுதி வாங்குங்கள். அந்தத் தாளைக் கடைக்காரரிடம் காட்டி, இதற்கேற்ற 65 மில்லிமீட்டர் பிஸ்மத் தோட்டா வேண்டும் என்று கேளுங்கள். இல்லை என்றால் எஃகை வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். அது வரும்வரை துப்பாக்கி பெட்டியிலேயே இருக்கட்டும்.