மகிழடியில் ஒரு சத்தியம்

திருவொற்றியூர் தியாகராஜ சுவாமி கோயிலில் மாசிப் பிரம்மோற்சவத்தின்போது மகிழடி சேவை நடக்கிறது. சங்கிலி நாச்சியாரைப் பிரியேன் என்று மகிழ மரத்தடியில் சிவனடியார் சுந்தரர் செய்துகொடுத்த சத்தியமும், அதன் பேரில் நடந்த திருமணமும் அன்று மீண்டும் நிகழ்கின்றன. காசிமேடு, தண்டையார்பேட்டை, எண்ணூர் என்று சுற்றுவட்டாரமே திரண்டுவரும். ஊர் கொண்டாடுவது அந்த இரண்டு சம்பவங்களைத்தான். மாப்பிள்ளை சத்தியத்தை மீறி ஊரைவிட்டுப் போனதும், எல்லையைத் தாண்டியதுமே இரண்டு கண்ணும் பறிபோனதும் விழாவுக்கு வெளியே நிற்கிற கதை.

பழைய கதையைத் திரும்பச் சொல்பவர்கள் செய்கிற முதல் வேலையே இதுதான்: எங்கே நிறுத்துவது என்று முடிவுசெய்வது. அலைந்து திரியும் நாயகன் என்றால் அந்த முடிவு இன்னும் முக்கியமாகிவிடுகிறது. ஒடிசியஸை ஹோமர் இத்தாக்காவில் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். ஆனால் இன்னொரு பயணம் பாக்கியிருக்கிறது என்று குறிசொல்லி தைரீசியாஸ் வாயால் ஒரு குறிப்பும் வைத்தார். பின்னால் வந்தவர்கள் அலையும் நாயகனை விடவில்லை. கிரேக்கமே தெரியாத தாந்தே, அவன் வீட்டுக்கே திரும்பாமல் கடலில் மூழ்கியதாக எழுதினார். 1842-இல் அச்சான டென்னிசனின் கவிதையில் கிழட்டு அரசன் வீட்டில் சலித்துப்போய் மறுபடி கப்பலேறத் துடிக்கிறான். அவன் மனைவிக்குக் கிடைப்பது வயதைக் குறிக்கும் ஓர் அடைமொழி மட்டும். கசான்ஸாகிஸ் 1938-இல் 33,333 அடிகளில் அவனை உலகம் முழுக்க அலையவிட்டார். ஆண் கவிஞர்களுக்கு இவன் மேல் இருந்த மோகத்தில் கொஞ்சம் சொந்த ஆசையும் கலந்திருக்கிறது.

சுந்தரர் கதை ஒடிசியஸ் கதையோடு பல இடங்களில் ஒட்டிப்போகிறது. திருவாரூரில் முதல் மனைவி பரவையார் காத்திருக்கிறார். நடுவழியில், கடலோர ஊரில், இன்னொரு பெண். ஒகிஜியா தீவில் கலிப்ஸோ ஒடிசியஸை ஏழு ஆண்டுகள் வைத்திருந்தாள். ஆனால் சத்தியம் செய்தவள் அவள்: உனக்குக் கெடுதல் நினைக்கமாட்டேன் என்று ஸ்டிக்ஸ் ஆற்றின் பேரில். திருவொற்றியூரில் சத்தியம் கேட்பவள் பெண், செய்பவர் ஆண். கதையின் எடையே இங்கே மாறிவிடுகிறது.

இந்தச் சத்தியக் காட்சியை முழு நாடகமாக விரித்தவர், 12-ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடிய குன்றத்தூர்ச் சேக்கிழார். ஞாயிறு கிராமத்தில் பிறந்த சங்கிலியார், திருமணம் வேண்டாமென்று ஒற்றியூரில் கன்னிமாடத்தில் தங்கிக் கோயிலுக்குப் பூத்தொடுக்கிறார். மாலையைக் கொடுத்துவிட்டுத் திரைக்குள் மறையும் ஒரு கணத்தில் சுந்தரர் பார்த்துவிடுகிறார். நேரே சிவனிடம் போய்ப் பெண் கேட்கிறார். கனவில் வந்து பரிந்துபேசும் சிவனிடம், சுந்தரர் மனம் ஆரூர்ப் பரவையிடம் இருக்கிறதே என்கிறார் சங்கிலி. பிரியேன் என்று சத்தியம் செய்யச் சொல்கிறேன் என்கிறார் சிவன்.

சுந்தரரும் லேசுப்பட்டவர் அல்ல. சன்னதியில் சத்தியம் செய்யும்போது நீர் அங்கே இருக்க வேண்டாம், மகிழ மரத்தடிக்குப் போய்விடும் என்று சிவனிடமே பேரம் பேசுகிறார். சரி என்ற சிவன், அதே இரவு சங்கிலியின் கனவில் போய், சத்தியத்தை மகிழடியில் கேள் என்று சொல்லிவிடுகிறார். மறுநாள் தோழிகள் மரத்தடியைக் காட்டும்போது சுந்தரர் மாட்டிக்கொள்கிறார். மரத்தை மூன்று முறை வலம்வந்து சத்தியம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. இத்தாக்கா கரையில் ஒடிசியஸ் அடுக்கும் பொய்களைக் கேட்டு அதீனா சிரித்து மகிழ்கிறாள். ஒற்றியூர்க் கடவுள் பொய்க்கு வழிவிடுவதுபோல் விட்டு, கழுத்தில் கயிற்றைப் போட்டுவிடுகிறார். நகைச்சுவையிலும் நியாயத்திலும் சேக்கிழார் காட்சி ஒரு படி மேல்.

இது வெறும் கற்பனைச் சேர்க்கை அல்ல என்பதற்குச் சுந்தரரின் பதிகங்களே சாட்சி. சங்கிலிக்காகத்தான் என் கண்ணை எடுத்துக்கொண்டாய் என்று வடதிருமுல்லைவாயிலில் பெயர்சொல்லிப் பாடுகிறார். மூன்று கண் வைத்திருக்கிற நீ என் கண்ணைப் பறிப்பது என்ன கணக்கு, ஓர் ஊன்றுகோலாவது கொடு என்று ஒற்றியூர்ப் பதிகத்தில் சண்டை பிடிக்கிறார். ஒரு மனிதரின் முறையீடுகளைக் கோத்துச் சம்பவமாக்கியது சேக்கிழாரின் திறமை. இரண்டாம் இராஜாதிராஜ சோழன் காலத்தில் அரசனே திருவொற்றியூருக்கு வந்து, மகிழ மரத்தடியில் சுந்தரர் புராணத்தைக் கேட்டதாக இக்கோயில் கல்வெட்டு சொல்கிறது. சத்தியம் செய்ததாகச் சொல்லப்படும் இடத்திலேயே உட்கார்ந்து அந்தக் கதையைக் கேட்டிருக்கிறார்கள்.

குறை இதற்கப்புறம்தான் தொடங்குகிறது. ஆரூர் வசந்த விழாவும் பரவையின் ஆடல் பாடலும் நினைவுக்கு வர, சுந்தரர் கிளம்புகிறார். பார்வை போகிறது. வெண்பாக்கத்தில் ஊன்றுகோல், காஞ்சியில் ஒரு கண், ஆரூரில் இன்னொரு கண். ஆரூரில் பரவை ஊடல்கொள்ள, சிவனே நள்ளிரவில் தூது நடக்கிறார். பரவையின் கோபத்துக்கு இத்தனை பாடல்கள். ஒற்றியூரில் விடப்பட்டவள் என்ன நினைத்தாள் என்பதற்கு? ஒன்றுமில்லை. கலிப்ஸோவாவது தேவதூதன் ஹெர்மீஸைப் பார்த்து, தேவர்களுக்கு ஒரு நீதி தேவியருக்கு ஒரு நீதியா என்று வாய்விட்டுக் கேட்டாள்.

இதைவிடச் சுவையான விஷயம், சேக்கிழார் இந்தக் கதையை எங்கே வைத்தார் என்பது. ஒற்றியூர்த் திருமணம் வருவது ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்தில். கலிக்காமர் சுந்தரர் மேல் கடுங்கோபம் கொண்டவர். சுந்தரர் வந்து சூலை நோயைத் தீர்ப்பதைவிடச் சாவதே மேல் என்று வயிற்றைக் கிழித்துக்கொண்டவர். நாயகனை ஏற்காத ஒருவரின் வரலாற்றுக்குள் நாயகன் கதையை வைக்கிற துணிச்சல் எளிதில் வராது. ஆனால் கலிக்காமரின் கோபம் எதற்கு? ஒரு பெண்ணிடம் கடவுளைத் தூது அனுப்பினாரே என்பதற்கு. இன்னொரு பெண்ணுக்குக் கொடுத்த சத்தியத்தை மீறினாரே என்று அவர் கேட்கவில்லை. காவியத்துக்குள் உட்கார்ந்திருந்த விமர்சகரும் தவறான வழக்கைத்தான் தொடுத்தார்.

இதே ஊரின் இன்னொரு அலைந்தவர் பட்டினத்தார். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டும் பக்கம், கடலை ஒட்டி அவர் சமாதி இருக்கிறது. கடல் வணிகர், காதற்ற ஊசியைக் கண்டு வீட்டைத் துறந்தவர் என்பது கதை. வெவ்வேறு நூற்றாண்டுகளைச் சேர்ந்த இருவராவது அந்தப் பெயரில் ஒன்றாகிவிட்டார்கள் என்பது ஆய்வாளர் கருத்து. டி.எம். சௌந்தரராஜன் நடித்த 1962 படம்வரை ஒவ்வொரு தலைமுறையும் அந்தத் துறவுக்குப் புதுக் குரல் கொடுத்தது. அங்கேயும் மனைவி சிவகலை கதையோரத்தில்தான்.

விடுபட்டவர்களுக்குக் குரல் கொடுப்பது சென்ற நூற்றாண்டும் இந்த நூற்றாண்டும் எடுத்துக்கொண்ட வேலை. மார்கரெட் அட்வுட் 2005-இல் ஒடிசியஸின் மனைவி பெனலோப்பியையும், தூக்கிலிடப்பட்ட பன்னிரண்டு பணிப்பெண்களையும் பேசவைத்தார். கேள்வி சரி. ஆனால் அந்தப் பெனலோப்பியின் கிண்டல், புராதன அரசியுடையதாக அல்லாமல் நம் காலத்து எழுத்தாளருடையதாகவே பல இடங்களில் கேட்கிறது. இந்த வகை எழுத்தின் வாடிக்கையான பலவீனம் அது. புதுமைப்பித்தன் 1943-இல் எழுதிய ‘சாபவிமோசனம்’ இதைத் தாண்டிவிட்டது. அகலிகை வெளியிலிருந்து புதுச் சித்தாந்தம் எதையும் கொண்டுவரவில்லை. சீதைக்கு நேர்ந்த தீக்குளிப்பைக் கேட்டு மறுபடி கல்லாகிறாள். இராமாயணத்தின் சம்பவத்தை வைத்தே இராமனைக் கேட்ட கேள்வி அது. டெரக் வால்காட் வேறு பாதையில் போனார். 1990-இல் வந்த ‘ஓமெரோஸ்’ காவியத்தில் அக்கீலும் ஹெக்டரும் செயின்ட் லூசியாவின் மீனவர்கள். காசிமேட்டு விசைப்படகுக்காரர்களுக்கு இந்தக் கதைகளில் ஓர் இடம் உண்டென்று நினைப்பவர்கள் வால்காட்டைப் படித்துப்பார்க்கலாம்.

சங்கிலியார் மறுபடி தலைகாட்டுவது பெரியபுராணத்தின் கடைசியில், வெள்ளானைச் சருக்கத்தில். பூமிக்கு வருமுன் கயிலையில் உமையின் சேடி அநிந்திதையாக இருந்தவர், அதே வேலைக்குத் திரும்புகிறார். எல்லாம் முன்பே விதித்தது என்ற சட்டகத்துக்குள் அவர் துயரம் அடங்கிப்போகிறது. சேக்கிழார் சங்கிலியின் நிபந்தனையைக் கடவுள் வாயால் ஏற்கவைத்தார், மீறியவருக்குத் தண்டனையும் கொடுத்தார். தண்டனையை நீக்குவதற்கு மட்டும் அவளைக் கேட்கவில்லை. தாந்தே ஒடிசியஸை நரகத்தின் எட்டாம் வட்டத்தில் தீச்சுடருக்குள் நிறுத்தியபோது குற்றப்பட்டியலில் ஒரு பெண்ணையும் சேர்த்தார்: ஒடிசியஸின் தந்திரத்தால் அக்கீலஸைப் பறிகொடுத்த டெய்டமியா, செத்த பிறகும் அழுதுகொண்டிருக்கிறாள். சுந்தரர் வெள்ளை யானையேறிக் கயிலைக்குப் போகும் பாடல்களில் அப்படி ஓர் அடி கிடையாது.