செக்யூர் பூட்டை அணைத்துவிடும் வழக்கம்

ஃபர்ம்வேர் அமைப்பை மாற்றியபின் துவங்க மறுக்கும் மெய்நிகர் இயந்திரத்துக்குக் கணினிப் பிரிவுகளில் இரண்டு மருந்துகள் சொல்லப்படுகின்றன. ஒன்று, பழைய அமைப்புக்குத் திரும்புவது. மற்றொன்று, துவக்க நிரலின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் செக்யூர் பூட்டை அணைத்துவிடுவது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு யூஇஎஃப்ஐயும் டிபிஎம் 2.0-வும் வேண்டும் என்பதால், பயாஸில் நிறுவிய பழைய இயந்திரங்களை யூஇஎஃப்ஐக்கு மாற்றும் வேலை பெருகியது. அதோடு இரண்டாவது மருந்தும் பெருகியது.

முதல் மருந்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பயாஸ் வட்டின் முதல் 512 பைட்டைப் படித்து அங்கிருக்கும் நிரலை ஓடவிடும். யூஇஎஃப்ஐ அந்த நிரலை ஓட்டாது. எஃப்ஏடி32 பகிர்வொன்றில் துவக்கக் கோப்பைத் தேடும். வட்டில் எதுவும் அழியவில்லை, தேடும் இடம்தான் மாறியிருக்கிறது. ஆகவே பழைய அமைப்புக்குத் திரும்பினால் இயந்திரம் எழும். பிறகு விண்டோஸின் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் வட்டை முதலில் சோதித்து, அடுத்து மாற்றி, கடைசியாக ஃபர்ம்வேரை மாற்ற வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸில் இஎஃப்ஐ என்பது ஒரு டிக் மட்டுமே என்பதால் இந்த வரிசை எளிதில் தலைகீழாகிறது. ஹைப்பர்-வியில் பயாஸா யூஇஎஃப்ஐயா என்பதைத் தீர்மானிக்கும் தலைமுறை உருவாக்கும்போதே முடிவாகிவிடும், பின்னர் மாற்ற இயலாது. இந்தக் கண்டிப்பு நல்லது.

இரண்டாவது மருந்துக்கும் ஓரளவு நியாயம் உண்டு. சிக்கல் கையொப்பத்திலா, வேறெங்காவதா என்று ஒரு நிமிடத்தில் அது காட்டிவிடும். பயிற்சிக்காக உருவாக்கி மாலையில் அழித்துவிடும் இயந்திரத்தில் அதனால் கேடில்லை.

கேடு, சோதனையைச் சிகிச்சையாகக் கொள்வதில் இருக்கிறது. வட்டு அமைப்பு பொருந்தாததால் நின்ற இயந்திரத்துக்கு இந்த மருந்து எதையும் செய்யாது. ஆனாலும் பதற்றத்தில் அதையும் அணைத்துப் பார்க்கிறார்கள். உண்மையான கோளாறு சரியான பிறகு அணைத்தது அணைத்தபடியே கிடக்கிறது. அதே இயந்திரத்தை டெம்ப்ளேட்டாக்கிப் புதியவை உருவாக்கினால் ஒவ்வொன்றும் காவலில்லாமலே பிறக்கிறது. வட்டைக் குறியாக்கும் பிட்லாக்கர் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அது தன் சாவியைச் செக்யூர் பூட்டின் நிலையோடு பிணைத்திருப்பதால், அணைத்தவுடன் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். சாவி கையில் இல்லாதவர், செக்யூர் பூட்டை மீண்டும் இயக்கும்வரை தரவை அணுக முடியாமல் நிற்பார். இருப்பவரோ தொல்லை வேண்டாமென்று பிட்லாக்கரையும் நீக்கிவிடுவார். ஒரு காவலைத் தளர்த்தியதில் இரண்டு போய்விடுகின்றன.

இந்த வழக்கத்தை ஆதரிப்போர், மெய்நிகர் இயந்திரத்தை யாரும் கையால் தொட முடியாது, ஆகவே அதற்குச் செக்யூர் பூட் தேவையில்லை என்கிறார்கள். இது அடிப்படையிலேயே பிழை. உள்ளிருந்து நிர்வாகி உரிமையைப் பிடித்தவர் துவக்கப் பகிர்வின் கோப்பை மாற்றி எழுத, கையால் தொடவே வேண்டியதில்லை. 2023-இல் வெளிப்பட்ட பிளாக்லோட்டஸ் என்ற தீநிரல் அந்தப் பகிர்வில்தான் குடியேறியது. செக்யூர் பூட்டையே ஏமாற்ற அது ஒரு பழைய ஓட்டையைத் தேடிப் பயன்படுத்த வேண்டியிருந்தது. காவலை அணைத்து வைத்தவர் அந்தச் சிரமத்தையும் மிச்சப்படுத்திக் கொடுக்கிறார்.

நெய்வேலி போன்ற அனல்மின் நகரியத்தில் இதை விளக்குவது எளிது. பாய்லரை லைட்-அப் செய்யும் முன் உலைக்குள் தேங்கிய வாயுவைக் காற்றால் வெளியேற்றும் பர்ஜ் முடிந்தாக வேண்டும். முடியாதவரை இன்டர்லாக் எரிபொருளை விடாது. இன்டர்லாக் தடுக்கிறது என்றால் எந்த நிபந்தனை நிறைவேறவில்லை என்று பார்ப்பதுதான் முறை. பைபாஸ் செய்தே ஆகவேண்டிய நிலையில் அனுமதி பெற்று, யார், எப்போது, ஏன் என்று பதிவேட்டில் எழுதி, வேலை முடிந்ததும் மீட்க வேண்டும். மத்திய மின்சார ஆணையம் 2021-இல் மின்துறைக்கான இணையப் பாதுகாப்பு வழிகாட்டுதல்களை வெளியிட்டது. மின் உற்பத்தி நிறுவனங்களும் அவற்றுக்கு உட்பட்டவை. ஆகவே பாய்லருக்குக் காட்டும் ஒழுங்கை மெய்நிகர் இயந்திரத்துக்குக் காட்ட மறுப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

நிபந்தனையைத் தேடினால் விடை பெரும்பாலும் சிறியது. ஹைப்பர்-வியின் இரண்டாம் தலைமுறை இயந்திரத்தில் லினக்ஸ் துவங்காததற்கு, செக்யூர் பூட் டெம்ப்ளேட் இயல்பாக விண்டோஸுக்கென்று அமைந்திருப்பதே வழக்கமான காரணம். அதே பட்டியலில் மைக்ரோசாஃப்ட் யூஇஎஃப்ஐ சான்றிதழ் ஆணையத்தைத் தேர்ந்தால் போதும், எதையும் அணைக்க வேண்டாம். சொந்தமாகத் தொகுத்த கெர்னல் என்றால், அதில் கையொப்பமிட்டு, அந்தச் சாவியை மோக்யூட்டில் கருவி வழியாகச் சேர்த்து, அடுத்த துவக்கத்தில் கடவுச்சொல்லால் உறுதி செய்ய வேண்டும். லினக்ஸின் கேவிஎம்மில், யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேரான ஓவிஎம்எஃப்பின் மாறிகள் அடங்கிய கோப்பு கெட்டிருந்தால் அதைப் புதிதாக உருவாக்கலாம். அதிலிருந்த துவக்கப் பதிவுகளும் சேர்த்த சாவிகளும் போய்விடும் என்பதால் முன்பே பிரதி எடுப்பது அவசியம்.

அணைத்தே வைப்பதன் விலை சான்றிதழ் புதுப்பிப்பிலும் தெரிகிறது. மைக்ரோசாஃப்டின் 2011-ஆம் ஆண்டுச் செக்யூர் பூட் சான்றிதழ்களின் காலம் 2026 ஜூனில் முடியத் தொடங்குகிறது. காலாவதியானதால் மட்டும் எந்த இயந்திரமும் துவங்காமல் போகாது. ஆனால் 2023-ஆம் ஆண்டுச் சான்றிதழ்கள் ஏறாதவற்றுக்குத் துவக்கப் பகுதிக்கான புதிய பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்காது. செக்யூர் பூட் அணைந்த நிலையில் விண்டோஸ் அந்தச் சான்றிதழ்களை ஏற்றுவதில்லை.