எண் சொல்வதும் சொல்லாததும்

அமெரிக்க நாட்டில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் பெற்றோரே வீட்டில் கற்பிக்க எல்லா மாநிலங்களிலும் சட்டம் இடமளிக்கிறது. அவ்வாறு பயிலும் குழந்தை உண்மையிலேயே கற்கிறதா என்று எப்படி அறிவது? சில மாநிலங்கள் தரப்படுத்தப்பட்ட தேர்வுகளை நாடுகின்றன. எல்லோருக்கும் ஒரே வினாத்தாள், ஒரே நேரம், ஒரே திருத்தும் முறை. எனவே ஒப்பிடலாம் என்பது வாதம். இவ்வாதம் எவ்வளவு தூரம் செல்லும் என்று பார்ப்போம்.

முதலில் அளவுகோலை அறிந்துகொள்வோம். இத்தேர்வுகளின் முடிவு பெரும்பாலும் 'நூற்றுமானம்' என்னும் எண்ணாகத் தரப்படுகிறது. ஒரு மாணவி 70ஆம் நூற்றுமானத்தில் இருக்கிறாள் என்றால், நூற்றுக்கு எழுபது மதிப்பெண் பெற்றாள் என்று பொருளன்று. நாடு முழுமைக்கும் மாதிரியாக முன்னரே தேர்வு எழுதிய மாணவர் குழுவில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினரைவிட மேலே நிற்கிறாள் என்பதே பொருள். வரிசையில் அவளது இடம் தெரிகிறது. அவள் எதைக் கற்றாள் என்பது தெரிவதில்லை.

லாரன்ஸ் ரட்னர் என்னும் ஆய்வாளர் 1999இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். வீட்டில் பயின்ற 20,760 மாணவர்களின் தேர்வு முடிவுகள் அதில் அலசப்பட்டன. நடுமதிப்புகள் பெரும்பாலும் 70க்கும் 80க்கும் இடைப்பட்ட நூற்றுமானத்தில் இருந்தன. வீட்டுக்கல்வியே சிறந்தது என்பதற்குச் சான்றாகப் பலர் இதைக் காட்டினர். ஆனால் இவர்கள் யார்? கட்டணம் செலுத்தித் தாமாகவே ஒரு தேர்வு நிலையத்தை நாடிய குடும்பங்களின் பிள்ளைகள். பெற்றோரின் கல்வியும் வருமானமும் நாட்டின் சராசரியைவிட உயர்வு. தேர்வையே நாடாத குடும்பங்கள் கணக்கில் வரவில்லை. ஏரியின் மேற்பரப்பில் ஆயிரம் இடங்களில் வெப்பநிலையை அளந்தாலும் அடிநீரின் வெப்பநிலை தெரியாதல்லவா? இது கட்டுப்பாட்டுடன் செய்த சோதனையன்று என்று ரட்னரே எச்சரித்திருந்தார். மேற்கோள் காட்டியவர்கள் அதை மறந்தனர்.

கனடாவில் 2011இல் வெளியான சிற்றாய்வு ஒன்று 37 வீட்டுக்கல்விக் குழந்தைகளையும் 37 பள்ளிக் குழந்தைகளையும் நேரடியாகச் சோதித்தது. வீட்டில் திட்டமிட்டுப் பாடம் பயின்றவர்கள் பள்ளிக் குழந்தைகளைவிட மேலே நின்றனர். திட்டமில்லாமல் பயின்ற 12 பேர் கீழே நின்றனர். இவ்விரு வகையினரையும் ஒரே சராசரியில் கலந்தால் இந்த வேறுபாடு மறைந்துவிடும்.

இனி அரசின் பக்கம் வருவோம். நியூயார்க் மாநில விதிப்படி, தேர்வு எழுதும் குழந்தை 33ஆம் நூற்றுமானத்திற்கு மேல் பெறவேண்டும். அல்லது முந்தைய தேர்வோடு ஒப்பிட ஓராண்டுக்குரிய வளர்ச்சி காட்டவேண்டும். இரண்டும் இல்லையெனில் அந்த வீட்டுக்கல்வித் திட்டம் இரண்டாண்டுகள் வரை கண்காணிப்பில் வைக்கப்படலாம். முதல் நிபந்தனையைச் சிந்தியுங்கள். நூற்றுமானம் என்பதன் இலக்கணப்படியே, மாதிரிக் குழுவில் மூன்றில் ஒரு பங்கினர் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருப்பர். பள்ளியில் ஒரு குழந்தை அங்கே நின்றால் அதற்காக அப்பள்ளியைக் குற்றஞ்சாட்டுவதில்லை. மேலும், பின்னங்களை ஓராண்டு தாழ்த்திக் கற்கும் குழந்தை இவ்வாண்டு குறைவாகப் பெறலாம். அது பாட வரிசையின் விளைவு; அறிவுக் குறைவன்று.

அப்படியானால் தேர்வே வேண்டாமா? அதுவும் தவறு. பள்ளியில் ஆண்டுதோறும் ஆசிரியர் மாறுகிறார். ஒருவர் கண்ணில் படாத குறை மற்றொருவர் கண்ணில் படும். வீட்டில் பயிலும் குழந்தைக்கு அந்த வாய்ப்புக் குறைவு. பத்து வயதிலும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் குழந்தையை வெளியார் ஒருவரும் அறியாமற் போனால் இழப்பு அக்குழந்தைக்கே. எனவே நியூயார்க் விதியின் இரண்டாம் நிபந்தனையே பொருத்தமானது. குழந்தையை அதன் சென்ற ஆண்டு நிலையோடு ஒப்பிட வேண்டும். அத்துடன் அது எழுதியவற்றையும் செய்தவற்றையும் ஓர் ஆசிரியர் நேரில் பார்க்க வேண்டும்.

தேர்வு எண் எதைக் கண்டாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: யாரை அளந்தார்கள்? யாரோடு ஒப்பிட்டார்கள்? யார் விடுபட்டார்கள்? இவற்றுக்கு விடை கிடைக்கும்வரை அந்த எண்ணைக் கொண்டு எந்தக் குழந்தைக்கும் தீர்ப்பு வழங்காதீர்கள்.