இலக்கண மரபும் பாலினச் சான்றிதழும்: ஒரு விமர்சனக் குறிப்பு

பால் பற்றிய தமிழ்ச் சிந்தனை இலக்கணத்தில் வேரூன்றியது. ஆண்மை திரிந்தோரைச் சுட்டும் பெயர்க்குத் தனி ஈறு இல்லை என்ற தொல்காப்பியம் அப்பெயரை உயர்திணையுள் அடக்கிற்று. பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுவோரை ஆண்பாலாகவும், ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவோரைப் பெண்பாலாகவும் நன்னூல் வகுத்தது. உடலன்று, அவாவே இங்குப் பாலைத் தீர்மானிக்கின்றது. எனினும் இருசாராரையும் அஃறிணை போலவும் வழங்கலாம் என்று அதே சூத்திரம் இடமளித்தது. ஆறுமுக நாவலரின் காண்டிகையுரை வழியே நன்னூல் பயின்ற எமது கல்விச் சமூகம் இவ்விரண்டில் எதனைக் கைக்கொண்டது? திருநங்கையரை 'அது' என்று சுட்டும் பேச்சு வழக்கே இதற்கு விடை.

இன்று இலக்கணத்தின் இடத்தில் அரச நிருவாகம் நிற்கின்றது. இலங்கைச் சுகாதார அமைச்சு 2016இல் வெளியிட்ட சுற்றுநிருபத்தின்படி, உளமருத்துவ நிபுணர் வழங்கும் பாலின அங்கீகாரச் சான்றிதழைக் கொண்டு பிறப்புப் பதிவில் பாலைத் திருத்தலாம். முன்னர் இல்லாத வழியொன்று திறந்தமை முன்னேற்றமே. ஆயினும் அச்சான்றிதழ்ப் படிவம் ஓமோன் சிகிச்சையையும் சத்திரசிகிச்சையையும் பேசுகின்றது. இதனால் உரிமையாக அமையவேண்டிய மருத்துவம், அங்கீகாரத்துக்குச் செலுத்தும் வாயிற்கட்டணமாக மாறிவிடுகின்றது. சிகிச்சையை விரும்பாதவரும் அதனைப் பெற வசதியற்றவரும் வாயிலின் புறத்தேயே நிற்க நேர்கின்றது.

நோயில்லையெனில் மருத்துவம் எதற்கு என்று வினவுவோரும் உளர். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாடு, இந்நிலையை உளநோய்ப் பிரிவிலிருந்து நீக்கிற்று. சிகிச்சைக்கான வழி அடைபடாதவாறு பாலியற் சுகாதாரம் சார்ந்த அதிகாரத்தில் அதனை வைத்தது. மகப்பேறும் நோயன்று, அதன் பொருட்டு வைத்தியசாலையில் விடுதி வேண்டாம் என எவரும் வாதிடுவதில்லை.

இந்திய உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15ஆந் திகதி வழங்கிய தீர்ப்பு, சத்திரசிகிச்சையை வற்புறுத்தாது சுய அடையாளத்தை ஏற்றது. எனினும் 2019இல் இயற்றப்பட்ட சட்டம் அதிகாரியின் சான்றிதழை மீண்டும் முன்னிறுத்திற்று. எனவே உரிமை ஒருமுறை வென்றெடுத்ததும் நிலைத்துவிடுவதில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

போர்க்காலத்திலே சோதனைச் சாவடிதோறும் அடையாள அட்டையை நீட்டி நின்ற யாழ்ப்பாணத்தவர்க்கு, அட்டைக்கும் முகத்துக்கும் இடையே பிறர் தேடும் ஐயம் எத்தகையது என்பதை விளக்கவேண்டியதில்லை. அதே ஐயத்தை எம்மிடையே வாழும் திருநங்கையர், திருநம்பியர் மீது நாமே சுமத்துதல் எவ்வகையில் நியாயமாகும்?

அங்கீகாரம் அவரவர் கூற்றினால் அமைதல் வேண்டும். மருத்துவம் வேண்டுவோர்க்கு வடபுலத்து அரச வைத்தியசாலைகளிலேயே, அவர்தம் மொழியிலேயே கிடைத்தல் வேண்டும். ஒன்றை மற்றதற்கு நிபந்தனையாக்கலாகாது. தமிழ் கற்பிப்போராகிய நாம் செய்யக்கூடியது இன்னுமொன்றுண்டு. அந்த நன்னூற் சூத்திரத்தைக் கற்பிக்கும்போது, அவாவினாற் பால் அமையும் என்ற பகுதியை விளக்கிக் கூறுவோம். அஃறிணைக்கு இடமளித்த பகுதியை விமர்சனத்துக்கு உட்படுத்துவோம்.